இரைச்சல் பிறக்கும் இடம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் தாமல். தாமோதரப் பெருமாளும் வராகீஸ்வரரும் எழுந்தருளியுள்ள திருத்தலம் அது. அவ்வூர் இல்லங்கள் பலவற்றில் பொழுது புலர்வதே சுப்ரபாதத்தோடுதான். ஸ்ரீவேங்கடேச சுப்ரபாதத்தை அருளிய பிரதிவாதி பயங்கரம் அண்ணன் காஞ்சியைச் சேர்ந்தவர். மணவாள மாமுனிகளின் சீடர். எம்.எஸ். சுப்புலட்சுமி அதனைப் பாடி 1963-ஆம் ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்த பின்னர், திருமலையின் விடியல் வீடுதோறும் வந்து சேர்ந்தது.

அவ்வூரில் ஓர் இல்லத்து மூதாட்டிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. கோயிலுக்கு நடந்து செல்லக் கால்கள் இடந்தரவில்லை. கணவர் வாங்கி வைத்த ஸ்டீரியோவில் காலையில் கேட்கும் சுப்ரபாதமே அவருக்குச் சந்நிதி. சில மாதங்களாக அந்த ஸ்டீரியோ கரகரத்தது. 'உம்' என்ற ரீங்காரமும் விடாமல் எழுந்தது. செவி மங்கிய அவருக்குச் சொற்கள் இரைச்சலில் அமிழ்ந்துபோயின. ஒருநாள், "இனி அதைப் போட வேண்டாமப்பா, தலை வலிக்கிறது" என்று மகனிடம் சொல்லிவிட்டார். மகன் புதிய ஸ்பீக்கர்கள் வாங்கி மாட்டினார். இரைச்சல் அப்படியே இருந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் உடனே பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் வால்யூம் திருகை முழுதும் குறைத்தார், ரீங்காரம் அடங்கியது. "ஸ்பீக்கரில் குற்றமில்லை தம்பி. திருகுக்கு முன்னால் எங்கோ நுழைகிறது" என்றார். குறைத்த பின்னும் ஒலித்திருந்தால் குற்றம் ஆம்ப்ளிஃபையரிலோ ஸ்பீக்கர் பக்கத்திலோ இருந்திருக்கும்.

பிறகு பின்புறம் செருகியிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பேரனின் கணினியிலிருந்து வந்த கம்பியை எடுத்தபோது ரீங்காரம் நின்றது. கணினி கூடத்தின் ஒரு சுவரிலும், ஸ்டீரியோ பூஜையறைச் சுவரிலுமாக வெவ்வேறு பிளக்குகளில் மின்சாரம் பெற்றன. இரண்டின் எர்த் இணைப்புகளும் அந்தக் கம்பி வழியே மீண்டும் சந்தித்து ஒரு வளையமாகிவிட்டன. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. அந்த அலைவே வளையத்தில் புகுந்து ரீங்காரமாக ஒலித்தது. இரண்டையும் எர்த் உள்ள ஒரே போர்டில் செருகினார்; கம்பியைத் திரும்ப மாட்டிய பின்னும் ஓசை எழவில்லை.

மகன் ஒரு யோசனை கேட்டார்: "எர்த் பின்னை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்கிறார்களே?" பெரியவர் முகம் மாறியது. "சத்தம் போகும் தம்பி; ஒருநாள் உயிரும் போகும்" என்றார். உள்ளே மின்கசிவு நேர்ந்தால் அதை நிலத்துக்குக் கடத்துவது அந்தப் பின் ஒன்றே. ஈரக் கையோடு விளக்கேற்ற வருவோர் நடமாடும் பூஜையறையில் அதை ஒருபோதும் நீக்கலாகாது.

எஞ்சியது கரகரப்பு. திருகைத் திருப்பும்போது மட்டும் எழுந்ததால் அதன் பிறப்பிடமும் தெரிந்தது. திருகினுள் இருக்கும் கரித்தடத்தில் நெடுஞ்சாலைப் புழுதி படிந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, இதற்கென்றே விற்கும் துப்புரவு ஸ்பிரேயைச் சிறிது தெளித்து, திருகை இருபுறமும் பலமுறை திருப்பினார். எண்ணெய் இடக் கூடாது என்றும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் கண்டன்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் பழகாதவர் பெட்டியைத் திறக்கலாகாது என்றும் எச்சரித்தார்.

அத்தனைக்கும் பிறகு 'உஸ்' என்ற மெல்லிய ஓசை ஒன்று எஞ்சியது. அது அக்காலத்து ஒலிப்பதிவோடு உடன்பிறந்தது. எந்தக் கருவியின் குற்றமும் அன்று. அதையும் நீக்க முயன்றால் பாட்டின் நயமும் உடன் தேயும். மறுநாள் விடியலில் மூதாட்டி நாற்காலியை ஸ்டீரியோவின் அருகே நகர்த்தச் சொன்னார். பாதியிலிருந்து அவர் உதடுகளும் உடன் அசைந்தன.

'இதுவன்று, இதுவன்று' என ஒவ்வொன்றாக விலக்கி மெய்ப்பொருளை நாடும் நெறியைப் பிருகதாரண்யக உபநிடதம் காட்டுகிறது. வழிபாட்டில் மனம் ஒன்றவில்லையே என்று வருந்துவோர் பலர். அதற்காக மந்திரத்தை மாற்றுகிறோம், விரதத்தை மாற்றுகிறோம், புதிய ஸ்பீக்கர் வாங்குவதுபோல. இரைச்சலோ வேறெங்கோ நுழைகிறது: தீராத ஒரு மனத்தாங்கலாக இருக்கலாம், கையை விட்டகலாத கைப்பேசியாக இருக்கலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இடம் தெரியும். அவ்வாறு எடுக்கும்போது, நம்மைக் காத்து நிற்கும் எர்த் பின்னைப் போன்ற நியமங்களையும் சேர்த்துப் பிடுங்கிவிடாதிருக்க வேண்டும். அதன் பின்னும் மெல்லிய ஓசை ஒன்று எஞ்சினால், அதனோடேயே நாமத்தைக் கேட்கலாம்; பெருமாள் குறை சொல்லமாட்டார்.