பாயோடு ஒட்டிய மூன்று மாதம்

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் சொல்லும் பழைய பயமுறுத்தல் எங்கள் மலைநாட்டுக்கும் எட்டியிருந்தது. உத்தியோகத்துக்குப் போன பிள்ளை அங்கேயே பெண் எடுத்துக்கொண்டு திரும்பி வராவிட்டால், மந்திரம் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். என் மாமியாருக்கு அதில் அரை நம்பிக்கை. என் வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் செட்டிபாளையச் சபைப் பொறுப்பு என்று கேள்விப்பட்டதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்க யாரு வீட்டுக்குப் போனாலும் பாயில உக்காராத புள்ள, கதிரை கேளு" என்றார். இருபத்தைந்து வருடமாக ஒரு போதகருக்குத் தாயாக இருப்பவரின் வாயில் வந்த பேச்சு இது.

பேராதனையில் புறப்படும் ஏ5 வீதி நுவரெலியாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே வளைந்து, வெலிமடை, பதுளை, பிபிலை, மகா ஓயா என்று இறங்கிப் போய் மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியில் முடிகிறது. அந்த வீதியோரம் பிறந்து வளர்ந்தும், அது முடியும் இடத்தை ஐம்பத்திரண்டு வயதில்தான் பார்த்தேன். நுவரெலியாவில் போட்ட கம்பளிச் சட்டையைப் பதுளையில் கழற்றிப் பைக்குள் வைத்தேன். பிபிலையில் சால்வையும் போயிற்று. புல்லுமலை, கரடியனாறு தாண்டும்போது முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தேன். தேயிலை மறைந்து, மரக்கறித் தோட்டம் மறைந்து, வயலும் காடும் மாறி மாறி வந்து, கடைசியில் வீதியோரத்தில் சட்டி சட்டியாக எருமைத் தயிர். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அம்மா, "கச்சான் பேய்த்தனமா அடிக்குது" என்றார். எனக்குத் தெரிந்த கச்சான் உரித்துத் தின்னும் நிலக்கடலை. இங்கே அது மேற்கிலிருந்து வீசும் வெக்கைக் காற்றும்கூட. இரண்டுக்கும் ஏன் ஒரே பெயர் என்று மூன்று மாதம் கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் பக்கத்தில் ஓய்வாக நிற்க, 2013இல் கட்டி முடித்த புதுப் பாலத்தில் வாகனங்கள் போகின்றன. அங்கிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், பிறகு செட்டிபாளையம். கிழக்கே கடல். மேற்கே 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வாவி. நடுவில் ஒரு மணல் நாடா, அதில்தான் ஊர்கள். இந்தப் பக்கம் எழுவான்கரை, சூரியன் எழும் கரை. வாவிக்கு அப்பால் படுவான்கரை. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு இயந்திரப் படகில் ஆளும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்து போகும். அந்தப் படகுக்கு இங்கே 'பாதை' என்று பெயர்.

நாங்கள் கூடியது ஒரு வீட்டு விறாந்தையில். அந்த வீட்டுக்காரியை ஊரே பெத்தா என்றுதான் கூப்பிடும். பெத்தா என்றால் பாட்டி. முதல் நாள் என்னைப் பார்த்ததும் பெத்தா பாயை உதறி விரித்து, "இரிங்க புள்ள" என்றார். மாமியார் சொன்னது ஞாபகம் வந்தது. கதிரை எங்கே என்று கண்ணால் தேடினேன். இருந்தது ஒன்றே ஒன்று. அதில் போதகர் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த மறு நிமிடமே கேள்வி வந்தது: "நீங்க என்ன குடி கா?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வந்தால் சாதியைக் கேட்கிறார்கள் என்று முகம் சுருங்கும். இங்கே குடி என்பது வேறு. தாய் வழியில் வருவது. காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி என்று மாவட்டம் முழுக்கப் பல பெயர்கள். பிள்ளை தாயின் குடி, தகப்பன் அடுத்த குடி. ஒரே குடிக்குள் பெண் கொடுப்பதில்லை. கோயிலில் எந்தச் சடங்கு யாருக்கு என்பதும் குடியைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடு மகளுக்கு. தாய் பழைய வீட்டை மகளுக்கு விட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சின்னதாக ஒன்று போட்டுக்கொள்வாள். பெத்தாவின் வளவில் மூன்று வீடுகள், மூன்றிலும் மகள்மார். மருமகன்மார் மூவரும் விருந்தாளிகள் போலப் பணிவாக நடமாடுவார்கள். பாயோடு ஒட்டுகிற மந்திரம் என்னவென்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. உறுதிப் பத்திரம்தான் அந்த மந்திரம்.

எனக்குக் குடி இல்லை என்றேன். பெத்தா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

குடி இல்லாவிட்டாலும் கதை உண்டு. கிருஷ்ணகிரியில் 1895இல் வேலையைத் தொடங்கிய அமெரிக்க மிசூரி லூத்தரன் மிஷன், 1927இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தது. என் தாத்தா அப்படி லைன் வீட்டில் ஞானோபதேசம் மனப்பாடம் செய்த தலைமுறை. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாகக் கையெழுத்து. தோட்டச் சபைகளில் பாதி வாங்கு வெறுமையாயிற்று என்று அம்மா சொல்வாள். ஆகவே லூத்தரன் என்றால் எங்கள் நாட்டில் சிறு கை அளவு. மட்டக்களப்பில் அதிலும் சிறிது. இங்கே புரொட்டஸ்தாந்து என்றால் மெதடிஸ்தர்தான். 1814இல் வில்லியம் ஓல்ட் வந்து பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த ஏப்ரலுக்குள் காய்ச்சலில் செத்துப்போனார். சிலை நகரில் நிற்கிறது. கத்தோலிக்கர் அதற்கும் மூத்தவர்கள். எங்களைப் பார்த்து, "நீங்க எந்தக் கோயில்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பிளேன்டீ ஆறிவிடும்.

ஞாயிறு ஆராதனை ஒன்பது மணிக்கு. அதாவது ஒன்பதே முக்காலுக்கு. பள்ளிக்கூட மேசை ஒன்றின் மேல் வெள்ளைத் துணி, சிலுவை, இரண்டு மெழுகுதிரி. கச்சான் காற்றுக்கு மெழுகுதிரி நிற்காது என்பதால் தகரப் பேணி மறைப்பு. மலையில் மொறுமொறுவென்று உடையும் திருவிருந்து அப்பம் இங்கே உப்புக் காற்றில் துணி போல மடிந்தது. ஆராதனை முறைமைப் புத்தகம் "சபையார் எழுந்து நிற்க" என்று சொல்லும்போதெல்லாம் பாயிலிருந்து எழும்ப முழங்கால் முறையிடும். ஐந்து முறை எழும்பிய பிறகு பெத்தா புத்தகத்துக்கு மரியாதை செய்வதை நிறுத்திவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஞானப்பாட்டுகள் ஜெர்மன் மெட்டில் வருபவை. சதுரமாக வெட்டி வைத்த மெட்டு. மலையில் ஆர்மோனியத்தோடு அப்படியே பாடுவோம். இங்கே பெண்கள் அதை எடுத்ததும் ஒவ்வோர் அடியின் கடைசியிலும் ஒரு இழுப்பு வந்தது. முதல் வாரம் திருத்தப் பார்த்தேன். மூன்றாம் வாரம் அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று காதால் கேட்டேன். வைகாசிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. கண்ணகி அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் அவள் கதையான வழக்குரையைப் பாடினார்கள். அதே இழுப்பு. அதற்குப் பிறகு நான் திருத்தவில்லை.

தமிழ்நாட்டில் கண்ணகி சென்னைக் கடற்கரையில் சிலம்போடு நிற்கிற சிலை. இங்கே அவள் அம்மன். இந்தப் பக்கத்துக் கண்ணகி கோயில்கள் பலவும் ஆண்டுக்கு ஒரு தடவை வைகாசியில்தான் கதவு திறக்கும். வழக்குரை பாடி, கலியாணச் சடங்கு செய்து, கடைசியில் குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் கோபத்தை ஆற்றுகிற சடங்கு. அந்த நாட்களில் எங்கள் கூட்டத்துக்கு ஆள் வராது. என் வீட்டுக்காரர் சடங்கின் முதல் வாரம் வருகைப் பதிவுக் கொப்பியில் 'ஆறு' என்று எழுதிவிட்டு முகம் வாடினார். நான் கோயில் வீதி முனைவரை போய் நின்று பார்த்தேன். உள்ளே போகவில்லை. போனதாகக் கதை விடவும் விருப்பமில்லை. சபைப் பெண் ஒருத்தியின் தங்கை கூட்டத்திலிருந்து வந்து என் கையில் ஒரு சரை கச்சான் வைத்துவிட்டுப் போனாள். தின்னும் கச்சான்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு நினைவுக்கு வந்தார். 1707இல் அவர் கட்டிய முதல் எருசலேம் கோயிலைக் கடல் கொண்டுபோக, 1718இல் உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். கடலோரத்துக் கிறிஸ்தவர்களுக்கு 2004 சுனாமிக்கு முன்பே தெரிந்த பாடம் அது. அவர் 1713இல் தமிழர் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அழிக்க அனுப்பியவர் அதைப் பரப்ப எழுதுகிறாரே என்று ஹாலேயில் இருந்த மேலிடம் கட்டி மூலையில் வைத்தது. அச்சேறியது 1867இல். அந்த நூல் அன்றே அச்சாகியிருந்தால் எங்கள் போதகர்மாரில் பலர் வைகாசியில் முகம் வாடாமல் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

வருகைப் பதிவுக்கு வருகிறேன். சடங்கு முடிந்த பிறகும் புதன்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் இரண்டு பேர் குறைந்தார்கள். கொப்பியில் காரணம் எழுத இடமில்லை. பிரசங்கத்தில் குறை இருக்குமோ என்று அவர் யோசித்தார். எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் விஷயம் தெரிந்தது. தேங்காய் வாங்கப் போனவள் பெத்தா வீட்டுப் படலைக்குள் எட்டிப் பார்த்தேன். அதே விறாந்தை, அதே பாய், நம் சபைப் பெண்கள் பாதிப்பேர். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பொடியன் நமது போதகரின் கதிரையில் இருந்தான். லோன் கூட்டம். பெண்கள் எழுந்து நின்று கையை நீட்டி உறுதிமொழி சொன்னார்கள். விசுவாசப் பிரமாணத்தைக்கூட அவ்வளவு பிசகாமல் அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. ஐந்து பேர் ஒரு குழு. ஒருத்தி கிழமைக் காசு கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் போட்டுக் கட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை அடுத்தவளின் காசில் தப்பியவள் புதன்கிழமை அதே பாயில் அவள் பக்கத்தில் எப்படி வந்து உட்காருவாள்? அதுதான் அந்த இரண்டு பேர்.

இராத்திரி அவரிடம் சொன்னேன். நிறைய நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கூட்டத்தை வியாழக்கிழமைக்கு மாற்றினார். அதனால் கடன் குறையவில்லை. ஒருத்தி திரும்பி வந்தாள். மற்றவள் அதற்குள் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் பதிந்துவிட்டாள்.

அப்படியொரு வியாழக்கிழமையில் கத்தரீனா கதையைச் சொன்னேன். வேதாகமப் பெண்களைப் பற்றிப் பேசி அலுத்திருந்தது. 1523இல், ஈஸ்டருக்கு முந்தின இரவில், நிம்ப்ஷன் கன்னியர் மடத்திலிருந்து மீன் பீப்பாய் ஏற்றும் வியாபாரி ஒருவரின் வண்டியில் தப்பிய பன்னிரண்டு பேரில் ஒருத்தி கத்தரீனா ஃபொன் போரா. "மீன் வண்டியிலயா? உடுப்பெல்லாம் வெடில் அடிச்சிரிக்குமே கா!" என்றார் பெத்தா. விறாந்தை சிரித்து அடங்கப் பத்து நிமிடம். 1525இல் லூத்தரை முடித்தாள். விட்டன்பேர்க்கில் வெறுமையாய்க் கிடந்த துறவியர் மடத்தை வீடாக்கினாள். மாடு, பன்றி, மீன்குளம், பியர் வடிப்பு, சாப்பாட்டுக்குத் தங்கிய மாணவர்கள் எல்லாம் அவள் கணக்கு. லூத்தர் அவளுக்கு எழுதிய கடிதங்களில் 'ஐயா கேத்தி' என்ற பாவனையில் கூப்பிட்டுக் கேலி செய்வார்.

"மறுகா?"

1546இல் அவர் செத்தார். எல்லாம் மனைவிக்கே என்று உயில் எழுதி வைத்திருந்தார். சாக்சனி நாட்டுச் சட்டம் ஏற்கவில்லை. விதவைக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாவலர் வைத்தார்கள். யுத்தமும் கொள்ளை நோயும் வந்து ஓடி ஓடி, 1552இல் வண்டி விபத்துக்குப் பின் டோர்காவ் என்ற ஊரில் செத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. கதை சோகமானதால் அல்ல, விளங்காததால். "வீடு யார்ட பேர்ல?" என்று ஒருத்தி கேட்டாள். புருஷன் பேரில் என்றேன். "பொம்புளைட வீட்டுக்கு ஆர் பாதுகாவலர் வைக்கிற?" என்று இன்னொருத்தி. ஜெர்மனியில் 1546இல் சட்டத்தரணிகளைத் திணற அடித்த விஷயம் செட்டிபாளையத்தில் ஒரு கேள்வியில் முடிந்தது.

பெத்தா மட்டும் அதோடு விடவில்லை. "உங்கட வீடு?" என்றார்.

"சபை வீடு பெத்தா."

"ஐயா பென்சன் எடுத்தா?"

"சாவியக் குடுத்துடணும்."

பன்னிரண்டு வருடத்தில் ஐந்து வீடு மாறியவள் நான். ஒவ்வொன்றிலும் பூச்செடி வைத்தேன், ஒன்றிலும் மரம் நடவில்லை. இதை இதற்கு முன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சபை எங்களைக் கைவிட்டது என்று குறை சொல்லவும் இல்லை. அழைப்பு அப்படி. ஆனாலும் அன்று அந்தப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில், லோன் கட்ட முடியாதவளைவிட நான் ஏழை.

இன்னொன்று. கூட்டம் நடக்கும்போது மருமகன்மாரில் ஒருவர் எப்போதும் படலையடியில் கதிரை இல்லாமல் நின்றுகொண்டிருப்பார். கோயிலுக்கே வராத ஆள். என்ன காரணம் என்று கேட்டேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை, மட்டக்களப்பு நகரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பள்ளி முடிந்து நின்ற பிள்ளைகள் பலர் செத்தார்கள். அதற்குப் பிறகு மாமியாரின் விறாந்தையில் ஆட்கள் கூடினால் அவர் படலையில் நிற்கிறார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆடி நடுவில் புறப்பட்டோம். பெத்தா ஒரு பாயைச் சுருட்டிக் கயிறு கட்டிக் கொண்டுவந்தார். வாவிக்கரைப் பன் புல் அறுத்து, காயவைத்து, சாயம் தோய்த்து இழைத்தது. "வீட்டச் சபைக்குக் குடுங்க. பாய் உங்கட பேர்ல இரிக்கட்டும்" என்றார். பஸ்ஸில் அதைத் தலைக்கு மேல் தட்டில் வைக்க முடியாமல் மகா ஓயாவரை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தேன். பதுளையில் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் முதலில் பாயைத்தான் பார்த்தார். ஒரு வாரம் அதில் கால் வைக்கவில்லை. இப்போது மத்தியானத் தூக்கம் அதில்தான். வாவிக்கரைப் புல்லுக்கு எங்கள் ஊர் ஈரம் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டாம் மழையிலேயே ஓரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. வெயில் வருகிற நாளில் வேலியில் போட்டுக் காயவைக்கிறேன். நுவரெலியாவில் அது கிழமைக்கு இரண்டு நாள் கிடைத்தால் அதிகம்.