மானாமதுரை: ஆண்டு முழுக்க நடக்கும் மண் கண்காட்சி!

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில், சுமார் 50 கிலோமீட்டரில், வைகைக் கரையோரம் இருக்கிறது மானாமதுரை. கடத்துக்குப் பேர்போன ஊர். 2023-ல் இங்குள்ள மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த ஊரில் ஆண்டு முழுக்க ஒரு கண்காட்சி நடக்கிறது. அழைப்பிதழ் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை. எந்த மாதம் போனால் எதைப் பார்க்கலாம் என்று தெரிந்தால் போதும்.

கோடையில் போனால் தண்ணீர்ப் பானை, குழாய் வைத்த பானை, கூஜா எல்லாம் வரிசைகட்டி நிற்கும். கண்மாய்கள் வற்றுவதும் அப்போதுதான். மழைக்காலத்துக்கும் சேர்த்து மண் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய நேரம் அது.

மழை தொடங்குவதற்கு முன்பே கார்த்திகை விளக்கு வேலை சூடுபிடித்துவிடும். சுழலும் சக்கரத்தின் நடுவில் ஒரு மண் உருண்டை. அதன் உச்சியில் விரல்கள் அழுந்தி எழுந்தால் ஓர் அகல். நூலால் அறுத்து இறக்கினால் அடுத்தது. குழந்தைகள் இமைக்காமல் பார்ப்பார்கள். மார்கழி முழுக்கப் பொங்கல் பானை. பங்குனியில் பக்கத்தில் உள்ள தாயமங்கலம் முத்துமாரியம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும்.

மாதக் கணக்கு பார்க்காத பொருள் கடம். பார்க்கப் பானை மாதிரி இருந்தாலும் வேலை வேறு. சக்கரத்தில் உருவம் வந்த பிறகு, உள்ளே ஒரு கல்லைத் தாங்கிக்கொண்டு, வெளியே மரப்பலகையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். சுவர் எங்கும் ஒரே கனமாக இருந்தால்தான் நாதம் சுத்தமாக வரும். வீணையைப் போல முறுக்கிச் சுருதி சேர்க்கக் கடத்தில் வழியில்லை. சூளைக்குப் போகும் முன்பே எல்லாம் முடிவாகிவிட வேண்டும். இந்தக் கைப்பக்குவத்துக்காகவே மானாமதுரை மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. மேடையில் வாசிப்பவருக்கு அல்ல, வாத்தியம் செய்தவருக்குக் கிடைத்த மரியாதை அது.

இத்தனைக்கும் நடுவே ஒரு சங்கடம் இருக்கிறது. மண்பாண்டத்துக்கு வெயில் வேண்டும். ஆனால், பெரிய வியாபாரமான கார்த்திகை விளக்கு, வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில் வருகிறது. அடுத்து வரும் பொங்கல் பானைக்கு மார்கழிப் பனி. ஈரம் காயாத பானையைச் சூளையில் வைத்தால், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெடித்துவிடும். விறகும் வைக்கோலும் நனைந்தால் சூளையே மூட்ட முடியாது. தொடர்ந்து பத்து நாள் அடைமழை என்றால் வீட்டுத் திண்ணை, கூடம், கட்டிலடி எங்கும் பச்சை விளக்குகள்தான் கிடக்கும். திருநாளுக்கு முன் அவை வெந்து கடைக்கு வராவிட்டால், அடுத்த கார்த்திகை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதைத் தெரிந்துகொண்டு போனால், ஓர் அகலின் விலையைக் கேட்டதும் பேரம் பேசத் தோன்றாது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: காலை வேளையே நல்லது. படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் வேலை குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, ‘பிள்ளை ஒரு தடவை சக்கரத்தில் கை வைக்கட்டுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். நான்கு முறை கோணிப்போய், ஐந்தாவது முறை அகல் மாதிரி ஏதோ ஒன்று வந்தால், அதைவிடப் பெரிய பயிற்சி வகுப்பு கிடையாது. பாத்திரங்களைப் பொதிந்து எடுத்துவரப் பழைய துணியும் செய்தித்தாளும் கொண்டுபோங்கள். வாங்கி வந்த சமையல் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அரிசி கழுவிய நீரையோ வடிகஞ்சியையோ ஊற்றி இளஞ்சூட்டில் கொதிக்கவைத்துப் பழக்குங்கள். அதன்பின் மீன் குழம்பு வையுங்கள். மறுநாள் காலையில் இன்னும் ருசிக்கும்!