திரையில் ஒரு புள்ளி

எருக்கலம்பிட்டி வீட்டுக்கென வாங்கிய புதிய கணனித் திரையில் ஒரு கரும்புள்ளி. துடைத்தும் போகவில்லை. "ஒரு புள்ளிதானே சேர், உத்தரவாதத்தில் அடங்காது" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது கட்டுக்கதையல்ல. 1920க்கு 1080 என்ற திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. 2001இல் வெளியான ஐஎஸ்ஓ 13406-2 நியமத்தின் இரண்டாம் வகுப்பு, பத்து இலட்சத்துக்கு இரண்டு முற்றாக இருண்டிருப்பதை ஏற்றது. 2008இல் வேறு நியமம் வந்தபின்னும் வகுப்புகளாகப் பிரிக்கும் முறை தொடர்ந்தது. ஒரே நிறத்தில் சிக்கிய புள்ளி, நிறங்களை விரைவாக மாற்றிக் காட்டினால் சிலவேளை மீளும். இருண்டுபோனது மீள்வது அரிது.

ஆனால், பத்திரிகையில் ஒப்புநோக்கிப் பழகிய கண்ணுக்குப் புள்ளி சிறிதன்று. தமிழில் அது எழுத்தையே மாற்றும். திரையில் 'பல' என்ற சொல் அந்த இடத்தில் வந்து நின்றால் 'பல்' ஆகிவிடுகிறது. தட்டச்சுப் பிழையா, திரையின் பிழையா என்று ஒவ்வொரு முறையும் பக்கத்தை நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திரை வாங்கப் போகிறவர்களே, பணம் கொடுக்குமுன் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களைத் திரை முழுவதும் காட்டச் சொல்லுங்கள். எத்தனை புள்ளி பழுதானால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். தயாரிப்பவர் எண்ணி வைத்திருக்கும் கணக்கை வாங்குபவரும் அறிய வேண்டாமா?