டீசல் சத்தத்துக்கும் ரசிகர் உண்டு

பெட்ரோல் கார் ஓட்டுபவரிடம் டீசல் எஞ்சின் சத்தம் இனிமையானது என்று சொல்லிப் பாருங்கள், மேலும் கீழும் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் என் பட்டறை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஷேர் ஆட்டோக்களின் ஒற்றைச் சிலிண்டர் படபடப்பு காதில் ஏறிவிடும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் ஃபைபர் படகுகளைத் தள்ளிக்கொண்டு போவதும் அந்த இனத்து எஞ்சின்தான். டீசல் என்றதும் பலர் மனசில் ஓடுவது அந்தப் படபடப்பு.

டீசல் வண்டியை வைத்தே பிழைப்பவர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். “வண்டி நல்லா உறுமுதுண்ணே” என்றால் அது பாராட்டு. “சத்தம் கட்டையா இருக்கு, ஓட்ட சுகமா இருக்கு” என்றால் அதைவிடப் பெரிய பாராட்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, பழக்கதோஷமும் இல்லை. பானெட்டுக்கு முன்னால் நிற்பவருக்குக் கேட்பதும் ஸ்டீயரிங் பிடித்தவருக்குக் கேட்பதும் ஒரே எஞ்சினின் வேறு வேறு சத்தங்கள்.

ஏனென்றால் டீசல் எஞ்சினில் இரண்டு சத்தம் உண்டு: மேலே ஒரு தட்டல், அடியில் ஒரு உறுமல். முதலில் தட்டலைப் பார்ப்போம். பெட்ரோலில் பிளக் பொறி வைக்கிறது, தீ அங்கிருந்து பரவுகிறது. டீசலில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்க, அந்தச் சூட்டில் நாசில் டீசலைத் தூவுகிறது. தூவியதும் பற்றிக்கொள்ளாது, ஒரு மில்லி செகண்டோ அதற்கும் குறைவோ காத்திருக்கும். அதற்குள் உள்ளே சேர்ந்துவிட்ட டீசல் மொத்தமும் ஒரே மூச்சில் பற்றும்போது அழுத்தம் செங்குத்தாக ஏறி, பிளாக்கையே அதிரவைக்கிறது. அந்த அதிர்வில் காதை உறுத்தும் பகுதி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கிலோஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் ஏறத்தாழ அங்கேதான். தெருமுனையில் வரும்போதே டீசல் வண்டி என்று தெரிந்துவிடுவதன் ரகசியம் இது.

உறுமல் வேறு. அது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும் எண்ணிக்கை. நாலு சிலிண்டர் எஞ்சின் ஐடிலிங்கில் 800 சுற்று ஓடினால் நொடிக்கு சுமார் 27 வெடிப்பு. 2,000 சுற்றில் 67. காதுக்குக் கேட்பதைவிட சீட்டில் உட்கார்ந்த முதுகுக்கு நன்றாகத் தெரியும் அளவு அது. பெட்ரோல் எஞ்சின் 6,000 சுற்றில் 200 வெடிப்பு போட்டுப் பாடத் தொடங்கும் உயரத்துக்கு டீசல் போகாது. பெரும்பாலான டீசல்கள் 4,500 சுற்றைத் தாண்டியதும் மூச்சு வாங்கும். டீசலின் சுகமெல்லாம் கீழேதான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் சூடு போதாது, டீசல் அதிக நேரம் காத்திருக்கிறது, தட்டல் உச்சத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது அந்தச் சத்தத்தை மட்டும். வண்டி சூடாகி, செங்கல்பட்டு தாண்டி நாலாவது கியரில் சுமையை இழுக்கும்போது டர்போ காற்றைத் திணிக்கிறது, உள்ளே அனல் கொதிக்கிறது, காத்திருப்பு சுருங்குகிறது. தட்டல் பின்னால் போய் உறுமல் முன்னால் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இது கேட்க வாய்ப்பே இல்லை.

இந்தத் தட்டலை அடக்கத்தான் நூறு வருஷமாகப் பாடுபட்டிருக்கிறார்கள். 1936இல் மெர்சிடிஸ் 260டி என்று டீசல் கார் விற்பனைக்கு வந்தபோதே, சிலிண்டர் தலையில் ஒரு சின்ன முன்னறை வைத்து அதற்குள் முதல் தீயை மூட்டினார்கள். அழுத்தம் கொஞ்சம் பதமாக ஏறியது. நம் ஊர் டாக்சிகளில் ஓடிய அம்பாசடர் டீசலின் 1,489 சிசி எஞ்சினும், 1998இல் வந்த டாட்டா இண்டிகாவும் இந்த அறை வைத்த வகைதான். அம்பாசடர் டீசல் நாற்பது குதிரைச் சக்தியைக்கூடத் தொடாது. அதன் சத்தத்தை யாரும் ரசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, மைலேஜைத்தான் ரசித்தார்கள். பிறகு அந்த அறையை எடுத்துவிட்டு நேரடியாகப் பிஸ்டன் மேலேயே தூவும் டி.ஐ. ஜீப்புகள் வந்தன. டீசல் மிச்சமானது, சத்தம் இரட்டிப்பானது. அந்த வண்டிகளில் டிரைவரும் பக்கத்து சீட்டுக்காரரும் கத்தித்தான் பேசுவார்கள்.

எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே உயரழுத்தக் குழாய், அதாவது காமன் ரெயில், வந்ததும் கதை மாறியது. 2002இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்ட் சிஆர்டிஐ வந்தது. 2007இல் ஸ்விஃப்ட் டீசல், அதில் ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட். பிறகு ஃபியட், டாட்டா, செவர்லே என்று இந்த ஒரு எஞ்சினை எத்தனை பேர் மாட்டினார்கள்! கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தில் நாசில் திறப்பதால், ஒரே தடவையாகக் கொட்டாமல் முதலில் ஓரிரு கன மில்லிமீட்டர் டீசலை மட்டும் தூவிப் பற்றவைக்க முடிந்தது. அந்தச் சின்னத் தீ உள்ளே சூட்டை ஏற்றிவைக்கும். பின்னால் வரும் பெரிய தூவல் காத்திருக்காமல் பற்றிக்கொள்ளும். மல்டிஜெட் ஒரு சுழற்சிக்கு ஐந்து தடவைவரை தூவக்கூடியது. டீசல் எஞ்சினைச் சத்தத்துக்காக மன்னிக்காமல், சத்தத்துக்காகவே விரும்ப முடியும் என்ற நிலை எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகுதான் வந்தது.

தட்டல் அடங்கிய பிறகு ஆளுக்கு ஆள் ரசனை பிரிவது சிலிண்டர் எண்ணிக்கையில். இங்கே எனக்குக் கைகொடுப்பது லயக் கணக்கு. மூன்று சிலிண்டர் திஸ்ரம், தகிட. நாலு சதுஸ்ரம், தகதிமி. ஐந்து என்றால் கண்டம், தகதகிட. எல்லா வெடிப்பும் சம இடைவெளியில்தான் விழுகிறது, உண்மை. ஆனால் எந்த எஞ்சினிலும் எல்லாச் சிலிண்டரும் அச்சு அசலாக ஒரே பலத்தில் அடிக்காது. ஒன்று நூலளவு ஓங்கி அடிக்கும். காது அதைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கிவிடும். 2015இல் செலேரியோவில் 793 சிசி இரண்டு சிலிண்டர் டீசல் வைத்தார்கள். சிக்கனத்தில் அதை மிஞ்சியவை குறைவு. சத்தத்தில் அது ஆட்டோவுக்குத் தங்கை. இரண்டு வருஷத்தில் மறைந்துபோனது.

ஐந்துக்கு வருகிறேன். என் பட்டறையிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே போனால் மறைமலை நகர். அங்கே ஃபோர்டு தொழிற்சாலையில் 2016 முதல் எண்டெவர் 3.2 வந்துகொண்டிருந்தது. 3,198 சிசி, ஐந்து சிலிண்டர், 200 குதிரைச் சக்தி, 470 நியூட்டன் மீட்டர் இழுவை. நாலு சிலிண்டரில் கிராங்க் 180 டிகிரி சுற்றினால் ஒரு வெடிப்பு. ஒன்றின் தள்ளல் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது, நடுவே இழுவை ஒரு கணம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும். ஐந்து சிலிண்டரில் 144 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. முந்தையது கையை எடுக்கும் முன்னே அடுத்தது தள்ளத் தொடங்கிவிடும். இழுவை அறுபடாது. 2,000 சுற்றில் நொடிக்கு 83 வெடிப்பு. நாலு சிலிண்டரைவிட ஒரு படி மேலே, ஆறு சிலிண்டரின் மழமழப்புக்கு ஒரு படி கீழே. நடுவில் ஒரு கரகரப்பு மிச்சம் இருக்கிறது, அதுதான் ஆட்களை மயக்கியது.

அந்த வண்டி சர்வீசுக்கு வந்தால் டிரையல் பார்க்க வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் போவேன். மாம்பாக்கம் பக்கம் நீளமாக ஒரு காம்பவுண்டு சுவர் வரும். கண்ணாடியை இறக்கிவிட்டு சுவரை ஒட்டி ஓட்டினால் எஞ்சின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். பட்டறைக்காரன் குறை கண்டுபிடிக்கச் செய்யும் வேலை இது. எண்டெவரில் குறை எதுவும் இல்லையென்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை அந்தச் சுவரோரம் ஓட்டிவிட்டுத்தான் திரும்பினேன் என்பதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. 2020இல் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது 3.2 போய்விட்டது. அதனிடத்தில் வந்த 2.0 லிட்டர் நாலு சிலிண்டர் எந்த அளவுகோலில் பார்த்தாலும் நல்ல எஞ்சின். பத்து கியர், அமைதி. ஆனாலும் செகண்ட் ஹேண்ட் தேடி வருபவர்கள் “அந்தப் பழைய அஞ்சு சிலிண்டர் கிடைக்குமா?” என்றுதான் கேட்கிறார்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறுவருஷம் மறைமலை நகர் வாயில் அடங்கியது. எத்தனையோ குடும்பங்களின் சோறு அது. சத்தத்தைப் பற்றி எழுதும் இடத்தில் அதை ஓரமாகச் சொல்லிப் போக மனம் வரவில்லை.

பட்டறைக்காரன் காதுக்கு இனிமை என்றால் பெரும்பாலும் சமம்தான். எல்லா அடியும் ஒரே எடை. பழைய பம்ப் எஞ்சின்களில் நீளமான ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை பிளாக்கில் வைத்து மறுமுனையைக் காதோரம் பிடிப்போம். எந்தச் சிலிண்டர் சரியில்லை என்று சந்தேகமோ, அதன் நாசில் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்துவோம். சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது, மாறாவிட்டால் ஆள் தூங்குகிறார். காமன் ரெயிலில் அந்த வேலை உயிருக்கே ஆபத்து. 1,600 பார் அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இப்போது ஸ்கேனரை மாட்டி இன்ஜெக்டர் கணக்கைத் திரையில் பார்க்கிறோம். பையன்கள் திரையை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்திலிருந்து நிறைய டீசல் வண்டிகள் வந்தன. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் நெருங்காது, கனெக்டிங் ராடு வளையும். மயிரிழை வளைந்தாலும் அந்தப் பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது, நெருக்கம் குறையும். சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, ஓடவிட்டால் ஓடும். ஆனால் ஐடிலிங்கில் நாலில் ஒரு அடி நொண்டும். அன்றைக்கு ஸ்கேனரைவிட காதுதான் முதலில் சொன்னது.

ஓட்டுநர்களின் காதையும் குறைத்து எடைபோடக் கூடாது. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் சவாரி ஏற்றும் ஒரு டாக்சி டிரைவர் வந்து நின்றார்.

“அண்ணே, வண்டியில சத்தம்.”

“என்ன சத்தம்ப்பா?”

“சத்தம் வருதுன்னு இல்லண்ணே. உறுமல் கொறஞ்சிடுச்சு. மதுராந்தகம் தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் எடுக்கவே யோசனையா இருக்கு.”

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் மடிப்பில் கிழிந்திருந்தது. காற்று வெளியே போக, இழுவை போக, கூடவே அவர் ரசித்த அந்தச் சத்தமும் போயிருந்தது. சத்தமும் இழுவையும் ஒன்றாக வருவதும் ஒன்றாகப் போவதும் டீசலில்தான் இவ்வளவு துல்லியம். அவருக்கு அது பிடித்துப்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதை உணர்ந்த கம்பெனிகள் சத்தத்தைத் தனியாகத் தைத்து ஒட்டவும் பார்த்தன. 2006இல் ஆடி ஆர்10 டீசலை வைத்து லெ மான் பந்தயத்தை வென்றது; பந்தயம் பார்க்க வந்தவர்களுக்கு அதிசயம், வண்டி இவ்வளவு அமைதியாகப் போகிறதே என்பதுதான். டர்போவும் புகை வடிகட்டியும் சத்தத்தை விழுங்கிவிட்டன. அதே ஆடி 2012இல் எஸ்க்யூ5 டீசலை வெளியிட்டபோது புகைக்குழாய்ப் பக்கம் ஒரு ஸ்பீக்கர் வைத்து உறுமவைத்தது. ஒருபுறம் எண்டெவர் போன்ற வண்டிகளில் மைக்கும் ஸ்பீக்கரும் வைத்து உள்ளே வரும் இரைச்சலை எதிரலையால் அழிக்கிறார்கள், மறுபுறம் ஸ்பீக்கர் வைத்துச் சத்தம் சேர்க்கிறார்கள். இரைச்சலை அழிப்பதை ஏற்றுக்கொள்வேன். ஒட்டிய உறுமல் ஹோஸ் கிழிந்தாலும் அதேபோல உறுமும், அதனால் எனக்கு உதவாது.

செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தன் மின்சார எஸ்யூவிகளுக்காக 75க்கும் மேற்பட்ட ஒலிகளை ஏ.ஆர்.ரகுமான் உருவாக்கியிருப்பதாக 2023இல் மகிந்திரா அறிவித்தது. அந்த வரிசையின் முதல் வண்டிகள் 2024 நவம்பரில் சென்னையில் வெளியாகின. தானாக வந்த சத்தத்தை அடக்கிய காலம் போய், இல்லாத சத்தத்துக்கு இசையமைப்பாளர் வந்திருக்கிறார். நான் ரகுமான் ரசிகன்தான், கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் மின்சார வண்டிக்கு மாறிய பழைய டீசல்காரர்கள் பட்டறைக்கு வந்து பேசுவது அந்த இசையைப் பற்றி இல்லை. உறுமல் இதுவரை மூடிவைத்திருந்த வீல் பேரிங் முனகல், ஏசி ஃபேன், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் ஒன்றொன்றாக அவர்களுக்கு இப்போதுதான் கேட்கின்றன. வந்ததும் பாதிப் பேர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “புது வண்டிண்ணே, டயர் ஏன் இவ்ளோ சத்தம் போடுது?”