வெட்டலும் ஒட்டலும்

பிரயாணஞ் செய்து மீண்டவர்கள் தாம் கண்டவற்றைப் பிறர்க்குக் காட்ட விழைதல் இயல்பு. முற்காலத்தே அது வாய்மொழியாலும், பின்னர் எழுத்தாலும் நிகழ்ந்தது. இக்காலத்திலோ ஒவ்வொருவர் கையிலும் காமிரா பொருந்திய கைப்பேசி இருத்தலின், கண்டவற்றையெல்லாம் சலனப் படமாகவே வீட்டுக்குக் கொணர்கின்றனர். கொணர்தல் எளிது, காண்போர் கொட்டாவி விடாதவாறு அதனைத் தொகுத்தல் எளிதன்று. படம் பிடித்தல் கதிரறுத்துக் களத்திற் சேர்ப்பதை ஒக்கும். தொகுத்தல் தூற்றிப் பதர் நீக்குவதை ஒக்கும். ஆயின் களத்திலே காற்று பதரைப் பிரித்துக் காட்டிவிடும். சலனப் படத்தில் எது நெல், எது பதர் என்பதை நாமே துணிதல் வேண்டும். நமது கல்லூரியிற் பயின்று வெளிப்போந்து இப்போது அண்ணாமலை நகரில் வாழும் யாம், இத்தொழிலிற் புதியராய்ப் புகுந்து அறிந்தவை சிலவற்றை ஈண்டு எடுத்துரைப்பாம்.

எம் சிற்றப்பா 2003-ஆம் ஆண்டுக் கோடையில் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, மினி டீவி என்னும் சிறு நாடாவில் படம் பதியும் காமிரா ஒன்றைக் கொணர்ந்தார். குடும்பத்தார் அனைவரும் இரண்டு நாள் வண்டியமர்த்திக்கொண்டு தில்லைக் கோயில், பிச்சாவரத்துக் கழி, பரங்கிப்பேட்டை, கடலூர்த் தேவனாம்பட்டினக் கடற்கரை ஆகியவற்றைச் சுற்றி வந்தோம். மூன்று நாடாக்கள் நிறைந்தன. அவை எம் வீட்டு அலமாரியில் இருபது ஆண்டுகட்கு மேல் உறங்கின. சிற்றப்பாவின் மணிவிழா சென்ற ஆண்டில் நெருங்கியபொழுது, அவர் மகள், எமக்குத் தங்கை முறையினள், “அண்ணா, அந்தப் பழைய நாடாக்களைக் கொண்டு ஒரு படம் செய்து விழாவிற் காட்டுவோம், பத்து நிமிடத்திற்கு மேல் வேண்டா” என்று எழுதினாள். யாமும் இசைந்தோம்.

முதல் வேலை நாடாவிலுள்ளதைக் கணிப்பொறிக்கு மாற்றுதல். இதற்கு ஃபயர்வயர் என்னும் ஒருவகைக் கம்பி வேண்டும். இன்றைய கணிப்பொறிகளில் அக்கம்பி பொருந்தும் துளையே இல்லை. நண்பர் ஒருவர் வீட்டு மாடியிற் கிடந்த பழைய இயந்திரத்தை இரவல் பெற்றோம். ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரமே பிடிக்கும், விரைவுபடுத்த வழியில்லை. ஒவ்வொன்றும் சுமார் 13 கிகாபைட் இடங் கொண்டது. தொகுப்பதற்குக் கேடென்லைவ், ஷாட்கட் போன்ற விலையில்லா மென்பொருள்கள் உள. யாம் ஷாட்கட்டைக் கைக்கொண்டோம்.

இது நிற்க. தமிழருள் பிரயாணத்தையும் சலனப் படத்தையும் ஒருங்கே தம் தொழிலாகக் கொண்ட முன்னோடி ஒருவரை இவ்விடத்தே நினைவு கூர்தல் தகும். அண்ணாமலை நகரில் 1929-ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பிறந்த செட்டிநாட்டிலேயே, கோட்டையூரில் 1911-இல் பிறந்தவர் ஏ. கே. செட்டியார். தமிழிற் பிரயாண நூலுக்கு ஓர் இடந் தேடித் தந்தவர் அவர். ‘குமரி மலர்’ என்னும் இதழையும் நடத்தியவர். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலிற் செல்லுங்கால், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகளைப் பற்றி ஒரு சலனப் படம் எடுக்கவேண்டுமென்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. அவர் புதிதாகப் படம் பிடிப்பதினும், முப்பது ஆண்டுகளிற் பலர் பிடித்து உலகெங்கும் சிதறிக் கிடந்த படத் துண்டுகளைத் தேடிச் சேர்ப்பதையே பெரும்பணியாகக் கொண்டார். அதற்காகச் சுமார் ஒரு லட்சம் மைல் பிரயாணஞ் செய்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. அதினின்றும் தொகுத்து 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்டது சுமார் 12,000 அடி. பேசும்படத்தின் வேகத்தில் ஓட்டினால் நிமிடத்திற்கு 90 அடி செல்லும். எனவே ஒன்பது மணி நேரத்திற்கு மேற்பட்ட பொருளை இரண்டே கால் மணியளவிற்குச் சுருக்கினார் என்றறியலாம். நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கை அவர் விலக்க நேர்ந்தது. எமக்கோ மூன்று மணி நேரத்தைப் பத்து நிமிடமாக்கும் பணி. அளவில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடெனினும், எதை விடுவது என்னும் வினா இரண்டிடத்தும் ஒன்றே.

தொகுக்கத் தொடங்கியபின் யாம் முதலிற் கற்றது, வெட்டுமுன் அனைத்தையும் ஒருமுறை பொறுமையோடு பார்த்தல் வேண்டும் என்பது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாடாவின் எண், மணித்துளி, இடம், நிகழ்ச்சி ஆகியவற்றை வரிசையாக எழுதினோம். “இரண்டாம் நாடா, 14-ஆம் நிமிடம், சுரபுன்னைக் காடு, படகு நுழைகிறது” என்றவாறு நாற்பது பக்கங்கள் நிரம்பின. இக்குறிப்பு இல்லாதவன் இருட்டறையிற் சாவி தேடுபவனே ஆவான்.

இரண்டாவது, கணிப்பொறியில் வெட்டுதல் உண்மையில் வெட்டுதலன்று. பிலிமைக் கத்தரித்து ஒட்டிய காலத்தில் வெட்டு வெட்டாகவே நின்றது. இங்கோ மென்பொருள், “இந்தப் படம் இத்தனையாம் விநாடியில் தொடங்குக, இத்தனையாம் விநாடியில் நிற்க” என்று ஒரு பட்டியலை மட்டுமே எழுதி வைக்கிறது, மூலம் அப்படியே இருக்கிறது. ஆதலின் புதியவர் அஞ்சாது வெட்டிப் பார்க்கலாம். விநாடிக்கு 25 சட்டங்கள் என்னுங் கணக்கில் ஒரு சட்டம் முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தால், பறவை கிளையை விட்டெழும் அதே கணத்தில் காட்சி மாறும்படி செய்யலாம். அதன் இன்பம் செய்தவர்க்கே தெரியும். ஆனால் மூலக் கோப்பை வேறிடத்திற்கு மாற்றினாலோ அழித்தாலோ பட்டியல் மட்டும் எஞ்சும். அது வித்தில்லாத விளைநிலம்.

மூன்றாவது, அணி மிகுதல். காட்சி மாறுமிடத்துப் புத்தகத் தாள் புரள்வது போலவும், சக்கரஞ் சுழல்வது போலவும் காட்டும் விந்தைகள் மென்பொருளிற் பல உள. புதியவர்க்கு அவை தேர்க்கடை பொம்மைகள் போலத் தோன்றும். ஓரிரவு முழுதும் அவற்றையெல்லாம் இட்டுப் பார்த்து மகிழ்ந்து, மறுநாட் காலையில் அனைத்தையும் நீக்கினோம். கோயிற் கோபுரத்தினின்று கழிக்குச் செல்ல நேரான ஒரு வெட்டே போதுமானது.

நான்காவது சற்று ஆழமானது. உருசிய நாட்டு இயக்குநர் லெவ் குலெஷொவ் என்பார், 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒரு நடிகரின் ஒரே முகக் காட்சியை உணவுக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி இணைத்துக் காட்டினாராம். கண்டோர் அம்முகத்திலே பசியையும் துயரையும் வெவ்வேறாகக் கண்டனர் என்பர். முகம் மாறவில்லை, பக்கத்திற் சேர்ந்ததே மாறிற்று. எம் பாட்டியார் தேவனாம்பட்டினத்தில் அலை காலை நனைத்தபோது சிரித்த சிரிப்பொன்று நாடாவில் இருந்தது. அதைப் பிச்சாவரத்துப் படகுக் காட்சியோடு சேர்த்தால் மிகப் பொருந்தும். ஆனால் படகில் அவர் சிரித்தாரல்லர். நீரைக் கண்டு அஞ்சி, பேரப்பிள்ளைகளை நோக்கி, “தம்பி, கையை உள்ளே வை” என்று இடைவிடாது சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின. அச்சத்தை மகிழ்ச்சியாக்க எமக்கு உரிமையில்லை எனத் துணிந்து, சிரிப்பைக் கடற்கரையிலேயே விட்டோம். படகுக் காட்சியின் பின்னே சினிமாப் பாட்டு வைப்போம் என்று தங்கை சொன்னதையும் மறுத்து, துடுப்பொலியையும் அக்குரலையுமே வைத்தோம்.

இனி, எமக்கும் தங்கைக்கும் உண்மையாகவே மாறுபாடு விளைந்த இடத்தைக் கூறுவாம். பிச்சாவரத்துப் படகு காட்டைக் கடந்து கடல் முகத்தை அணுகியபோது, சிற்றப்பா காமிராவைக் கீழே வைக்க மறந்து தொலைவை நோக்கிப் பிடித்திருந்தார். நாற்பது விநாடி, படகின் ஆட்டத்தாற் படமும் ஆடுகிறது, காற்று ஒலிவாங்கியில் மோதி இரைகிறது. வலப்புற ஓரத்திலே ஒரு மணற்றிட்டு, அதன்மேற் சில குடிசைகள், கரையேற்றிய ஓடங்கள், கருவாடு உலர்த்தும் ஒரு பெண்ணுருவம். “இதில் நம்மவர் முகமே இல்லை, அண்ணா, பார்த்தால் தலை சுற்றுகிறது, முதலில் இதை வெட்டுங்கள்” என்றாள். தொகுப்பு நெறியின்படி அவள் சொன்னது சரியே.

ஆனால் அத்திட்டு எம்.ஜி.ஆர். திட்டு என வழங்கிய மீனவர் குடியிருப்பு. ‘இதயக்கனி’ (1975) படப்பிடிப்பு இக்கழியில் நிகழ்ந்த பின்னர் அப்பெயர் நிலைத்தது. யாம் படகிற் சென்ற அடுத்த ஆண்டு, 2004 டிசம்பர் 26-ஆம் நாள், ஆழிப்பேரலை அதனை வாரிச் சென்றது. மக்கள் பலர் மாண்டனர். எஞ்சியோர் நிலப்பகுதியிற் குடியமர்த்தப்பட்டனர். காமிரா பிடித்தவர் அறியாமலே பிடித்த நாற்பது விநாடி, இன்று இல்லாத ஓர் ஊரின் படமாய் நின்றது. படத்தின் ஆட்டத்தை அடக்கும் கருவி மென்பொருளில் உண்டு. ஆனால் அது ஓரங்களைச் சிறிது கத்தரித்தே படத்தை நிலைநிறுத்தும். ஓரங் கத்தரித்தாற் குடிசைகள் போய்விடும். ஆகவே ஆட்டத்தோடே விட்டோம். பத்து நிமிடப் படம் பன்னிரண்டாயிற்று. தங்கை இறுதிவரை முழுதும் ஒப்பவில்லை.

விழாவன்று, படம் ஓடுகையில் வந்தோர் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தனர். அந்நாற்பது விநாடி கடந்ததும், கிள்ளையிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து திரையருகே வந்து, “அதை மறுபடி போடுங்கள், தம்பி” என்றார். மும்முறை போட்டோம். அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. உணவுக்குப்பின் அதற்கொரு படி கேட்டார். பென் டிரைவில் இட்டுக் கொடுத்தோம். அதனைக் கண்டிருந்த தங்கை மற்றைப் பிரதிகளையும் தானே எடுத்துச் செய்தாள்.

மாணவ நண்பர்கள் சுற்றுலாச் சென்று படத்தோடு மீளுங்கால், பிறர்க்குக் காட்டும் படத்தைச் சுருக்கமாகவே செய்க. ஐந்து நிமிடத்திற் சொல்லக்கூடியதை ஐம்பது நிமிடமாக்குதல் கண்டோர்க்கு இழைக்குந் துன்பம். எனினும் விலக்கியவற்றை அழித்துவிடற்க. நாளும் இடமும் பெயரிட்டு, இரு வேறு வட்டுகளில், இரு வேறு வீடுகளில் வைத்திடுக. ஏ. கே. செட்டியாரின் படமே 1940-க்குப்பின் நெடுங்காலம் காணக் கிடைக்காதிருந்தது என்றால், எம் போல்வாரது நாடாக்களின் கதி சொல்லவேண்டுமோ? இன்று நமக்குப் பதராகத் தோன்றுவது யாருக்கு, என்று, நெல்லாகும் என்பதை அறிவார் இலர். பழைய மாணவர்கள் தம் அலமாரிகளில் உறங்கும் கல்லூரி நாள், விடுதி நாள் நாடாக்களை, காமிராவும் கம்பியும் இன்னும் கிடைக்கும் இப்போதே மாற்றிக் கல்லூரி நூலகத்திற்கு ஒரு படி உதவுவாராயின், அது பின்வருவோர்க்குப் பெருநன்மை பயக்கும். படத்தைச் சுருக்குக, மூலத்தைக் காக்க. இதுவே யாம் கண்ட முடிபு.