கழிமுகத்தில் ஒரு காலைப்பொழுது

பேராக் மாநிலத்தின் நிலப்படத்தில் தைப்பிங் நகருக்கு மேற்கே பாருங்கள். அங்கே கடற்கரை ஒரே கோடாக இராது. ஆறுகளும் ஓடைகளும் தீவுகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வெண்மணலும் நீலக்கடலும் அங்கு இல்லை. சேறும், கலங்கிய நீரும், நீருக்குள் கால்களை ஊன்றி நிற்பது போன்ற மரங்களுமே உள்ளன. இதுவே மாத்தாங் சதுப்புநிலக் காடு. ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரப்புள்ள இக்காடு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரிக்கப்பட்டு வருகிறது. பகுதி பகுதியாகப் பிரித்து, 30 ஆண்டு வளர்ந்த மரங்களை மட்டும் வெட்டிக் கரி தயாரிக்கிறார்கள். வெட்டிய இடத்தில் மறுபடியும் கன்றுகள் வளர்கின்றன.

இக்காட்டின் நடுவே உள்ள மீனவர் ஊர் கோலா செப்பெத்தாங். முன்னாளில் இதன் பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து இவ்வூர்த் துறைமுகத்துக்குத்தான் போடப்பட்டது. தைப்பிங் வட்டாரத்து ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுவந்த அந்த இரயில் இன்று ஓடுவதில்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதப்பட்டுள்ளது.

கடந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில் அண்ணனும் அவர் மகளும் நானும் அங்குத் தூண்டில் போடச் சென்றோம். அண்ணன் மகள் மூன்றாம் படிவத்தில் படிக்கிறாள். குளத்தில் தூண்டில் போட்டுப் பழகியவள். கடல்மீன் பிடிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அவளை ஆழ்கடலுக்கு அனுப்ப அண்ணிக்கு விருப்பமில்லை. ஆகவே, கரையோரத்தின் ஆழமற்ற நீரில், ஒரு வழிகாட்டியின் படகில் செல்வது என்று முடிவாயிற்று.

எங்கள் வழிகாட்டி அறுபது வயதைத் தாண்டிய சீனர். ஊரில் எல்லாரும் அவரை ‘அங்கிள்’ என்றே அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். அவர் எங்களிடம் மலாய்மொழியில் பேசினார். நான் ஆசிரியராக இருந்தவள் என்று அண்ணன் சொல்லிவிட்டதால், என்னைச் ‘சிக்கு’ என்று கூப்பிட்டார். அவர் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அண்ணன் மகள், “அத்தை, நரம்பில் சிக்கு விழுந்துவிட்டதா?” என்று கேட்டுச் சிரித்தாள்.

பயணத்துக்கு நாள் குறித்தவரும் அவர்தான். நாங்கள் முதலில் கேட்ட சனிக்கிழமை பௌர்ணமியை ஒட்டி வந்தது. அது வேண்டாம் என்று சொல்லி, அடுத்த வாரத்தில் ஒரு நாளைக் கொடுத்தார். அம்மா நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தேய்பிறை அட்டமியாக இருக்கிறதே! நல்ல காரியத்துக்கு யாராவது அட்டமியில் கிளம்புவார்களா?” என்றார். ஆனாலும், கிளம்பும்போது எங்களிடம் ஒன்று கேட்கவும் செய்தார். “கடல் சியாக்காப் கிடைத்தால் கொண்டு வாருங்கள். புளி கரைத்து வைக்கிறேன்.”

நாம் சியாக்காப் என்று அழைக்கும் மீனைத் தமிழ்நாட்டில் கொடுவா என்பார்கள். சந்தையில் கிடைக்கும் சியாக்காப் பெரும்பாலும் கூண்டில் வளர்த்தது. அதில் பழைய ருசி இல்லை என்பது அம்மாவின் குறை. மூன்று மாதமாக உடல்நலம் குன்றி, சாப்பாட்டில் நாட்டமில்லாமல் இருந்தவர், தாமாக ஓர் உணவைக் கேட்டது அன்றுதான். அண்ணன் அதை மனத்தில் வைத்துக்கொண்டார்.

படகில் ஏறியதும் அட்டமிக் கதையை அண்ணன் அங்கிளிடம் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே தம் சீன நாட்காட்டியைக் காட்டினார். அன்று சீன மாதத்தின் இருபத்து மூன்றாம் நாள். அம்மாவின் நாட்காட்டியும் அவருடைய நாட்காட்டியும் அதே நிலவைத்தான் எண்ணிக்கொண்டிருந்தன.

“உங்கள் அம்மா வேண்டாம் என்ற நாள்தான் எனக்கு வேண்டிய நாள்,” என்றார் அவர்.

காரணத்தையும் விளக்கினார். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் நிலவும் பூமியும் ஒரே வரிசையில் அமைகின்றன. இரண்டின் ஈர்ப்பும் சேர்வதால் கடல் மிகுதியாக ஏறி, மிகுதியாக இறங்கும். ஆழமற்ற கரையோரத்தில் அந்த வேகம் சேற்றைக் கலக்கிவிடும். இடையில் பாதி நிலவு தெரியும் நாள்களில் ஏற்றமும் இறக்கமும் குறைவு. நீர் மெல்ல நகரும். சற்றுத் தெளிந்தும் இருக்கும். மீனுக்கு இரை கண்ணில் படும்.

காலை ஏழு மணிக்கு நீர் ஏறி முடிந்திருந்தது. படகு ஆற்றைக் கடந்து கடலோர விரிகுடாவுக்குள் நுழைந்தது. மரங்களுக்கு மேலே செம்பருந்துகள் வட்டமிட்டன. ஓர் ஓடை விரிகுடாவில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அங்கிள் இயந்திரத்தை நிறுத்தி நங்கூரத்தை ஓசையின்றி இறக்கினார். பிறகு நீளமான கழி ஒன்றை நீரில் விட்டார். ஒன்றரை மீட்டரில் சேறு தட்டியது.

“இவ்வளவுதான் ஆழமா? இங்கே பெரிய மீன் இருக்குமா?” என்று அண்ணன் மகள் கேட்டாள்.

“அந்த வேர்களைப் பார். நீர் ஏறும்போது இறாலும் சிறுமீனும் அவற்றுக்குள் நுழைந்துகொள்ளும். பெரிய மீனால் அங்கே நுழைய முடியாது. நீர் இறங்கினால் சின்னவை எல்லாம் இந்த ஓடை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பெரியது வாசலில் காத்திருக்கும். நாமும் வாசலில் காத்திருப்போம்.”

உயிருள்ள இறாலைத் தூண்டில் முள்ளில் கோக்கும் முறையை அவர் அவளுக்குக் கற்றுத் தந்தார். இறாலின் தலையில் உள்ள கொம்புக்குக் கீழே, ஓட்டின் வழியாகக் கருநிறமாகத் தெரியும் பகுதியைத் தொடாமல் முள்ளைச் செலுத்த வேண்டும். அதைத் தொட்டால் இறால் உடனே செத்துவிடும். முள்ளின் நுனிக்குப் பின்னால் இருக்கும் சிறு கொக்கியை அவர் இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கி வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் மீன் நழுவிவிடாதா என்று அண்ணன் கேட்டார். “நரம்பைத் தளரவிடாமல் பிடித்தால் நழுவாது. கழற்றும்போது மீனின் வாயும் கிழியாது,” என்றார்.

எட்டு மணிக்கு மேல் நீர் இறங்கத் தொடங்கியது. கரையில் சேறு வெளிப்பட்டது. அதன்மேல் சேற்றுமீன்கள் துடுப்புகளை ஊன்றித் தத்தித் தத்திச் சென்றன. எங்களுக்கு முதலில் கெலாமா மீன்கள் கிடைத்தன. உள்ளங்கையைவிடச் சற்றே பெரியவை. ஐந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் போட்டோம். ஒரு கெளிறும் மாட்டியது. அதன் துடுப்பு முள்ளில் நஞ்சுண்டு என்பதால் அங்கிள் எங்களைத் தொடவிடவில்லை. இடுக்கியால் கழற்றி அவரே விட்டார்.

ஒன்பதரை மணியளவில் அண்ணன் மகளின் தூண்டில்கோல் ஒரே இழுப்பில் வளைந்தது. ரீலிலிருந்து நரம்பு விர்ரென்று ஓடியது. இருபது மீட்டருக்கு அப்பால் நீர் பிளந்தது. வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய மீன் மேலே எழும்பி, தலையை உதறி, மீண்டும் விழுந்தது.

“சியாக்காப்! கோலைத் தாழ்த்து! ஓடினால் ஓடட்டும், பிடித்து இழுக்காதே!”

மீன் வேர்களை நோக்கி ஓடியது. வேருக்குள் நுழைந்தால் நரம்பு அறுந்துவிடும். அவள் கோலைப் பக்கவாட்டில் சாய்த்து அதைத் திசைதிருப்பினாள். கைகள் நடுங்கின. அண்ணன் உதவ எழுந்தார். அங்கிள் கையமர்த்தினார். பத்து நிமிடங்களுக்குப் பின் மீன் படகின் ஓரம் வந்தது. அங்கிள் அகலமான மெத்தென்ற கைவலையை அதன் அடியில் செலுத்தினார். ஆனால், வலையைத் தூக்கவில்லை. மீனை நீரிலேயே வைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றினார். அளவு குறித்த விரிப்பு ஒன்றை நனைத்துப் படகில் விரித்தார். மீனை அதன்மேல் கிடத்தி, அளந்து, மறுபடியும் நீருக்குள் இறக்கிவிட்டார்.

“94 சென்டிமீட்டர். ஒன்பது கிலோவாவது இருக்கும்.”

அண்ணன் பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்தார். அங்கிள் வலையை விடாமல் பேசினார்.

“நீங்கள் பணம் கொடுத்து வந்திருக்கிறீர்கள். எடுத்துக்கொண்டு போகலாம், நான் தடுக்கமாட்டேன். ஆனால், ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மீன் பெரும்பாலும் ஆணாகத்தான் வளரத் தொடங்கும். சில ஆண்டுகள் கழித்துப் பெரிதானதும் பெண்ணாக மாறும். இவ்வளவு பெரியது அநேகமாகப் பெண்தான். முட்டையிட இந்தக் கழிமுகத்துக்குத்தான் வரும். குஞ்சுகள் இந்த வேர்களுக்குள்தான் வளரும்.”

“ஒரே ஒரு மீன்தானே, அங்கிள். ஒன்றை எடுத்தால் கடல் வற்றிவிடுமா?” என்றார் அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வாய்விட்டுக் கேட்டார்.”

“புரிகிறது. நான் வலைபோட்ட காலத்தில் எந்த மீனையும் விட்டதில்லை. என் பிள்ளைகள் சாப்பிட வேண்டும், படிக்க வேண்டும். அப்போது யாராவது வந்து ‘விடு’ என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். ஆனால், பெரிய மீன்கள் குறைந்துகொண்டே வருவதை இந்தக் கண்ணால் பார்த்துவிட்டேன். சின்னதும் நடுத்தரமும் நிறைய இருக்கும், அவற்றை எடுங்கள். பெரியது ஒன்று போனால், அது இத்தனை பெரிதாக வளர்ந்த அத்தனை ஆண்டுகளும் போய்விடும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மீனைப் பிடித்தவள் என்னவோ, நீருக்குள் திறந்து மூடும் அதன் செவுளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விட்டால் பிழைக்குமா?” என்று கேட்டாள்.

“உறுதியாகச் சொல்ல முடியாது. முள் தொண்டைக்குள் போயிருந்தாலோ, செவுளில் இரத்தம் வந்தாலோ, வீட்டுக்குக் கொண்டுபோ என்று நானே சொல்லியிருப்பேன். இதற்கு வாயோரத்தில்தான் மாட்டியது. பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.”

அவள் தன் தந்தையை நோக்கித் திரும்பினாள். “அப்பா, பாட்டியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.”

அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பெட்டியை மூடினார்.

அங்கிள் அவளைக் கைகளை நன்கு நனைத்துக்கொள்ளச் சொன்னார். உலர்ந்த கை பட்டால் மீனின் உடலைக் காக்கும் வழவழப்பு உரிந்துவிடும். ஒரு கையால் வாலின் அடியையும் மறு கையால் வயிற்றையும் தாங்கி, ஓட்டம் வரும் திசையை நோக்கி மீனை நிறுத்தினாள். நீர் வாய் வழியாகப் புகுந்து செவுள் வழியாக வெளியேறியது. ஒரு நிமிடம் அசையாமல் இருந்த மீன், வாலை ஒரு முறை ஓங்கி அடித்தது. எங்கள் மூவர் முகத்திலும் சேற்றுநீர். மீன் கலங்கிய நீருக்குள் மறைந்தது.

அங்கிள் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்தார். நாள், சீன மாதத் தேதி, மீனின் பெயர், நீளம் என்று பக்கம் பக்கமாகக் கோடு போட்டு எழுதியிருந்தார். அவர் படகிலிருந்து திரும்பிப் போன மீன்களின் பட்டியல் அது. கரிக்கோலை அவளிடம் நீட்டி, “நீ பிடித்தது. உன் மொழியிலேயே எழுது,” என்றார். சீன எழுத்துகளுக்குக் கீழே, ‘கொடுவா, 94 செ.மீ., தேய்பிறை அட்டமி’ என்று அவள் எழுதினாள்.

பிறகு நான் தேடிப் படித்தபோது, இந்த வழக்கம் சில நாடுகளில் சட்டமாகவே இருப்பதை அறிந்தேன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்துக் கடலோரத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் 120 சென்டிமீட்டருக்கு மிகுந்த கொடுவாவையும் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோர் வைத்துக்கொள்ளக் கூடாது. சிறியது வளர வேண்டும். பெரியது முட்டையிட வேண்டும். நன்கு வளர்ந்த ஒரு பெண் கொடுவா ஒரு பருவத்தில் பல மில்லியன் முட்டைகள் இடும். அவற்றில் மிகச் சிலவே பிழைத்து மீனாகும். “ஒரே ஒரு மீன்தானே” என்ற அண்ணனின் கேள்விக்கு இந்த எண்ணிக்கையில் விடை இருக்கிறது. சட்டம் சொல்லாத இடத்தில், அந்த விடையை ஒரு படகோட்டி தம் பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வருகிறார். இவரது படகில் பெரிய மீனை எடுத்துச்செல்லத் தயங்க வேண்டியிருப்பதால், சில வாடிக்கையாளர்கள் மறுமுறை வருவதில்லை என்றும் சொன்னார். அப்படியும் அவர் சொல்வதை நிறுத்தவில்லை.

நண்பகலில் வீட்டுக்குத் திரும்பினோம். அடுப்படியில் புளி கரைத்து வைக்கப்பட்டிருந்தது. சொன்னபடியே அண்ணன் மகள்தான் பாட்டியின் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மீனின் நீளத்தைக் காட்டக் கைகளை விரித்தாள். பாட்டியின் முகம் சற்று வாடியது.

“அவ்வளவு பெரியதையா விட்டுவிட்டு வந்தீர்கள்?”

“முட்டையிடுகிற மீன், பாட்டி.”

அம்மா ஐந்து கெலாமாக்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“தாய் மீன் என்றால் போகட்டும்,” என்றார். பிறகு ஒரு மீனைப் பேத்தியிடமே திருப்பிக் கொடுத்தார். “இதில் இன்னும் செதில் போகவில்லை. வாலிலிருந்து தலைப் பக்கமாக உரசு.”