நான்கு சுழியங்கள்

பழைய புத்தகக் கடையொன்றில் எங்களுக்கு ஒரு நிழற்படத் தொகுப்பு கிடைத்தது. பக்கமெல்லாம் பிரித்தானிய ரயில் எஞ்சின்கள். சில மாலைகள் நாங்கள் இருவரும் அவற்றின் நெற்றியைப் படித்துக்கொண்டிருந்தோம்.

படித்தல் என்றுதான் சொல்ல வேண்டும். 1960களில் டீசல் எஞ்சின்களின் முகப்பில் நான்கு எழுத்துரு கொண்ட தலைக்குறியீடு இருந்தது. முதல் இலக்கம் வண்டியின் வகை: 1 என்றால் விரைவு வண்டி, 2 என்றால் நின்று நின்று செல்வது. நெடுந்தூர வண்டிகளில் அடுத்த எழுத்து சேருமிடத்தைக் குறிக்கும். 'எஸ்' ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டதால் தெற்கு மண்டலம் 'ஓ'வைக் கொண்டு திருப்திப்பட வேண்டியதாயிற்று. கடைசி இரண்டு இலக்கங்கள் அந்த வண்டிக்கே உரியவை. 1968 ஆகஸ்ட் 11 அன்று பிரித்தானிய ரயில்வே முதன்மைப் பாதையில் ஓட்டிய கடைசி நீராவிப் பயணிகள் வண்டியின் எண் 1டி57. அதைக் கண்டபோது தெரிந்தவர் பெயரை நாளிதழில் பார்த்ததுபோல் மகிழ்ந்தோம்.

பிறகுதான் அந்தப் படம் வந்தது. ஆண்டு 1977. நெற்றியில் 0000. முதலில் 0 வந்தால் பெட்டிகளின்றித் தனியே ஓடும் எஞ்சின் என்பது எங்கள் பாடம். இங்கோ பின்னால் பெட்டிகள் நீள்கின்றன, சன்னல்களில் முகங்கள். ஓட்டுநரின் மறதி என்றார் ஒருவர். அச்சுப்பிழை என்றார் மற்றவர். ஓரத்தில் பென்சிலால் 'பிழை' என்றும் எழுதிவைத்தோம்.

பிழை எங்களுடையது. 1976 சனவரியிலேயே குறியீட்டைக் காட்டும் வழக்கம் கைவிடப்பட்டிருந்தது. முன்பெல்லாம் பாதையோரச் சிக்னல் அறையில் மணி நான்கு முறை அடித்தால் விரைவு வண்டி வருகிறதென்று பொருள். வருவது அதுதானா என்று சிக்னல்காரர் எஞ்சின் முகத்தைப் பார்ப்பார். நீராவிக் காலத்தில் இதையே விளக்குகள் சொல்லின: இரு பஃபர்களின் மேலும் ஒவ்வொன்று எரிந்தால் விரைவு வண்டி, புகைபோக்கியின் அடியில் ஒன்று மட்டுமென்றால் சாதாரணப் பயணிகள் வண்டி. பல மைல் பாதையை ஒரே கூரையின்கீழ் ஆளும் பெரிய அறைகள் வந்ததும், எண் பலகையிலேயே வண்டியோடு நகர்ந்தது. நெற்றியைப் பார்க்க ஆளில்லை. சுருள்களைச் சுழியத்தில் நிறுத்திவிட்டார்கள்.

எண் இன்றும் திரைகளில் ஓடுகிறது, பயணிக்குத் தெரிவதில்லை. ஆனால் எஞ்சியிருந்த பழைய அறைகளில் சிக்னல்காரர்கள் வண்டியின் வால்விளக்கைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. அது இல்லையென்றால் ஏதேனும் பெட்டி கழன்று பின்னால் பாதையிலேயே நின்றிருக்கலாம்.

'பிழை'யை அழித்துவிட்டோம். பென்சிலின் அழுத்தம் தாளில் இன்னும் தெரிகிறது.